மூன்றாவது பில்டர்

ரவுட்டர் பெட்டியைத் திறந்ததும் றிஸ்லா செய்த முதல் வேலை, தனக்கு யாருடைய உதவியும் தேவையில்லை என்று அறிவித்ததுதான்.

"டெக்னீசியன் வாற கிழமதான் வருவாராம்" என்று இழுத்த கணவன் மின்ஹாஜிடம், "வந்தா தேத்தண்ணி குடுத்து அனுப்புவம். லைன் நான் போடுறன்" என்றாள். அவள் சொன்னால் செய்து முடிப்பாள் என்று அனுபவப்பட்டவன் அவன். பேசாமல் ஏறாவூரில் உள்ள தன் கடைக்குப் போய்விட்டான்.

மறுநாள் சனிக்கிழமை நாலு மணிக்கு அவளுக்குச் சோதனை வகுப்பு. கொழும்பில் ஒரு டியூஷன் நிறுவனம் ஒன்லைனில் கணிதம் படிப்பிக்க ஆள் தேடியது. பட்டம் முடித்து ஆறு வருடம் அரசாங்க ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்து அலுத்தவளுக்குக் கிடைத்த வாய்ப்பு இது. நிபந்தனை ஒன்றுதான். வகுப்பு நடுவில் லைன் அறுந்தால் அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். காத்தான்குடியில் அவர்களுடைய ஒழுங்கையில் மொபைலில் பேசலாம், ஆனால் மொபைல் இன்டர்நெட் கூரைக்கு மேலே தண்ணீர்த் தாங்கியோடு மட்டும்தான் சிநேகம். அங்கே ஏறி நின்று அட்சரகணிதம் படிப்பிக்க முடியாது. அதனால்தான் வீட்டுப் போன் லைனில் இன்டர்நெட் எடுத்தாள்.

பெட்டிக்குள் இருந்த தாளில் எல்லாம் படம் போட்டு இருந்தது. பேச்சும் இன்டர்நெட்டும் ஒரே கம்பியில் ஓடும். ஒவ்வொரு போனுக்கும் முன்னால் தீப்பெட்டி அளவில் ஒரு பில்டர் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று மற்றதைக் குழப்பிவிடும். ரவுட்டருக்கு மட்டும் பில்டர் கூடாது. ஹோலில் ஒரு போன், அறையில் ஒரு போன், இரண்டுக்கும் மாட்டினாள். பெட்டியில் மூன்றாவதாக ஒரு பில்டர் மிஞ்சியது. "ரெண்டு போனுக்கு மூணு குடுத்திருக்கானுகள், கணக்குத் தெரியாதவனுகள்" என்று அதை மேசை லாச்சிக்குள் எறிந்தாள். ரவுட்டரில் பச்சை லைட் கொஞ்ச நேரம் கண் சிமிட்டிவிட்டு அசையாமல் நின்றது. றிஸ்லா தன்னைத்தானே ஒருமுறை மெச்சிக்கொண்டாள்.

பின்னேரம் நாலு மணிக்கு, ஓட்டமாவடியில் இளைய மகளோடு இருக்கும் உம்மா வழமைபோல் கோல் எடுத்தார். போன் அடித்ததும் பச்சை லைட் செத்தது. பேசி வைத்த பிறகு உயிர் வந்தது.

றிஸ்லா சளைக்கவில்லை. பில்டர்களை மாற்றி மாட்டினாள், கம்பிகளை இறுக்கினாள், தானே உம்மாவுக்குத் திருப்பி எடுத்தாள். லைட் அணையாமல் நின்றது. "இப்பத்தான் சரி" என்று நினைத்து முடிவதற்குள் மறுபடி செத்தது. அதே நேரம் போன் வழியாகக் காதுக்குள் குக்கர் விசில் அடித்தது.

"உம்மா, குக்கர் வெச்சிருக்கீங்களா?"

"இல்ல மகள், நான் தஸ்பீஹ் மணியோட இரிக்கன்."

இரண்டாவது விசில் போனிலும் கேட்டது, சுவருக்கு அப்பாலும் கேட்டது. றிஸ்லாவுக்கு விளங்கிவிட்டது.

அந்தச் சுவருக்கு அப்பால் மூத்தவள், றிஸ்லாவின் ராத்தா ஸுஹைனாவின் வீடு. முன்பு ஒரே வீடாக இருந்ததுதான். அந்த ஊரில் வீடு பெண்பிள்ளைக்கே. றிஸ்லாவின் கலியாணத்தோடு உம்மா நடுவில் ஒரு இடைக் கதவு வைத்துச் சுவர் எழுப்பி ஆளுக்குப் பாதி கொடுத்தார். வீட்டைப் பிரித்தார்களே தவிர, வாப்பா இழுத்த போன் கம்பியை யாரும் பிரிக்கவில்லை. அது சுவரைத் துளைத்துக்கொண்டு ஸுஹைனாவின் குசினி வரை போய், அங்கே அவள் மறந்தே போயிருந்த பழைய போன் ஒன்றில் முடிந்தது. இரண்டு போன் என்று கணக்குப் போட்டவள் கணித டீச்சர்!

ஆறு மாதமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. மகனின் சுன்னத்து விருந்தை எல்லோர் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொன்ன றிஸ்லா, அடுத்த வீடுதானே என்று ராத்தாவுக்கு மட்டும் மொபைலில் சொல்லிவிட்டாள். "கூடப்பொறந்தவளுக்குப் போனிலயா சொல்ற?" என்று போனை வைத்த ஸுஹைனா விருந்துக்கு வரவில்லை. இடைக் கதவுக்கும் அன்றைக்கே பூட்டு விழுந்தது.

"களவாக் கேக்கிறாவா!" றிஸ்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு, போன் கம்பி சுவருக்குள் நுழையும் இடத்துக்குப் போனாள். ஒரு வெட்டு வெட்டினால் வகுப்பு தப்பும். நாளைக்கு உம்மாவைக் கோல் எடுக்க வேண்டாம் என்று மறிக்கலாம், நாளாந்தம் யார் யாரை மறிப்பது?

குறட்டின் வாயில் கம்பியை வைத்தவள் அமர்த்தவில்லை. ஸுஹைனாவிடம் மொபைல் இருக்கிறது. உம்மாவோடு எந்த நேரமும் பேசலாம். அப்படியிருக்க அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு இந்தப் பழைய போனைத் தூக்கி யாருடைய குரலைக் கேட்கிறாள்? பேச்சு விட்டுப்போன தங்கச்சியின் குரலைத்தான். தனக்கும் ராத்தாவைக் காணாமல் மனம் தேடுகிறது என்பதை அப்போதுதான் ஒப்புக்கொண்டாள்.

குறட்டைக் கீழே வைத்துவிட்டு லாச்சியைத் திறந்தாள். சால்வையைப் போட்டுக்கொண்டு, இடைக் கதவைப் பார்க்காமல், ஒழுங்கையால் சுற்றி ராத்தாவின் முன்வாசலுக்கே போனாள்.

கதவைத் திறந்த ஸுஹைனாவின் கையில் இறால் கறி மணத்தது. முகம் வெளிறிப்போனது.

"நான் ஒண்டும் களவாக் கேக்கல்ல."

"நான் ஒண்டும் கேக்கல்லயே, ராத்தா. நாளைக்கு நாலு மணிக்கு எனக்கு வகுப்பு. முதல் வகுப்பு. ஒங்களுக்குச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தன்."

ஸுஹைனா ஒதுங்கி வழி விட்டாள். றிஸ்லா குசினிக்குள் போய் பழைய போனின் கம்பியைக் கழற்றி, இடையில் பில்டரை மாட்டினாள்.

"என்ன புள்ள இது?"

"இது இருந்தா நீங்க தூக்கினாலும் என்ட லைன் அறாது. நீங்க கேக்கிறதும் எனக்குத் தெரியா. அதனால இனிமே வாயத் தொறந்து கதைக்கணும்."

ஸுஹைனா கையைக் கழுவினாள். ஒரு கோப்பையில் ஆத்து இறால் கறி ஊற்றி, மூடித் தந்தாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு திரையில் முப்பது பிள்ளைகளும் நிறுவனத்துக்காரர் ஒருவரும் இருந்தார்கள். றிஸ்லாவின் குரல் தெளிவாக ஓடியது. முதல் கணக்குப் பாதியில் இருக்கும்போது போன் அடித்தது. உம்மா! மறக்காமல் மறிக்க வேண்டும் என்று நினைத்து, மறந்தே போயிருந்தாள். இரண்டு வீட்டிலும் மணி சேர்ந்து அலறியது. றிஸ்லா படிப்பிப்பதை நிறுத்தாமல் ரவுட்டரைப் பார்த்தாள். பச்சை லைட் நின்ற இடத்திலேயே நின்றது.

மூன்றாவது மணியில் அந்தப் பக்கம் யாரோ தூக்கினார்கள். லைட் அசையவில்லை. ஆறு மாதமாகப் பூட்டியிருந்த இடைக் கதவு இன்று திறந்து கிடந்தது. அதன் வழியாக ஸுஹைனாவின் குரல் வந்தது.

"றிஸ்லா வகுப்பில இரிக்காள், உம்மா. என்னோட கதைங்க... ஓம், எனக்குத் தெரியும். நேரில வந்து சொன்னாள்."