பாலத்துக்கு அந்தப் பக்கம் சிக்னல் இல்லை

தாஜுன்னிசாவின் கம்பெனி இராமநாதபுரத்தில் அவள் மச்சானின் ஏசி மெக்கானிக் கடை மாடியில் தொடங்கியது. எந்த மெக்கானிக்கை எந்த ஊருக்கு அனுப்புவது என்று மச்சான் தினமும் திண்டாடுவதைப் பார்த்து, அதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் எழுதினாள். புகார் வந்ததும், பக்கத்தில் யார் சும்மா இருக்கிறார் என்று பார்த்து அதுவே அவருக்கு எஸ்எம்எஸ் அனுப்பிவிடும். ஐஸ் கம்பெனிக்காரர்கள் வாங்கினார்கள். 2008-ல், செல்போன் டவர்களின் ஜெனரேட்டர்களைப் பராமரிக்கும் மதுரை நிறுவனம் ஒன்று, ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கிறோம் என்றது. சரிப்பட்டு வந்தால் தென்மாவட்டங்கள் மொத்தமும் அவள் கைக்கு வரும்.

அந்த மாதக் கடைசியில் புயல் மழை பிடித்துக்கொண்டது.

மத்தியானம், பாம்பன் பாலம் தாண்டித் தீவில் இருக்கும் தங்கச்சிமடம் டவர் நின்றுபோனது. சாஃப்ட்வேர் மெக்கானிக் கூத்தையாவை அனுப்பியது. தாஜுன்னிசா திரையைப் பார்த்தாள். கூத்தையா இருந்தது பாலத்துக்கு இந்தப் பக்கம், உச்சிப்புளியில். தீவுக்குள்ளேயே இன்னொரு மெக்கானிக் சீனி முகம்மது இருக்கும்போது, இந்தக் காற்றில் பாலம் தாண்டி இவரை ஏன்?

பிறகுதான் உறைத்தது. டவர் நின்றதால் சீனி முகம்மதுவின் போனுக்கு சிக்னல் இல்லை. சிக்னல் இல்லாத மெக்கானிக்கை ஆளே இல்லை என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதியது அவள்தான்.

கூத்தையாவுக்குப் போன் அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. திரும்பத் திரும்ப அதையே சொன்னது.

அதற்குள் அவர் மனைவி உலகம்மாள் கூப்பிட்டாள். "ஏம்மா, இவுகள எங்கன அனுப்பிருக்கீக? போனே போக மாட்டேங்குது."

"பாம்பன் பக்கம்க்கா."

"இந்தக் காத்துலயா?"

தாஜுன்னிசா விசாரித்துச் சொல்வதாக முனகி வைத்தாள்.

அடுத்து மதுரை மேனேஜர். "மேடம், ஆள் கிளம்பிட்டார்னு உடனே காட்டுது. நல்லா வேலை செய்யுது."

"இல்ல சார். அவரை அனுப்பிருக்கவே கூடாது. என் புரோகிராம்ல தப்பு. இப்பவே நிறுத்துறேன். மத்த ஆளுகள நீங்களே பேசி அனுப்புங்க."

மேனேஜர், "அப்படியா," என்று வைத்துவிட்டார்.

பாம்பனில் டெலிபோன் பூத் வைத்திருக்கும் காதர் மைதீன் மாமாவின் லேண்ட்லைன் மட்டும் உயிரோடிருந்தது. "விசாரிச்சுட்டு வாரேன்," என்று போனவர் திரும்பிக் கூப்பிடும்வரை அவள் ஓதிக்கொண்டே இருந்தாள்.

"தாஜு, பாலத்த அடைச்சுட்டாக. அதுக்கு முன்னாடி ஏறுன ஒரு பைக்குக்காரரக் காத்து கைப்பிடிச் சுவர்ல தூக்கி அடிச்சிருக்கு. ஆஸ்பத்திரில கெடக்காரு. பேரு கூத்தையாவாம்."

"உசுரு?"

"இருக்கும்மா. பேசுறாரு. கைதான் ஒடஞ்சிருக்கு."

அல்ஹம்துலில்லாஹ் என்றவள் உடனே உலகம்மாளுக்குப் போன் போட்டாள்.

மறுநாள் பாலம் திறந்ததும் உலகம்மாளைக் காரில் கூட்டிக்கொண்டு போனாள்.  ஆஸ்பத்திரியில் கூத்தையா கட்டுப்போட்ட கையோடு இவளைப் பார்த்துக் கூசினார். "பாலத்துல ஏறும்போதே பயமாத்தான் இருந்துச்சும்மா. மாட்டேன்னு சொல்ல அதுல என்னத்த அமுக்கணும்னு தெரியல."

அப்படி அமுக்க அதில் ஒன்றுமே இல்லை. அவள் வைக்கவில்லை.

மதுரை நிறுவனம் ஒப்பந்தம் போடவில்லை. ஐஸ் கம்பெனிகளை வைத்துக்கொண்டே அவள் சாஃப்ட்வேரைத் திருத்தினாள். போக முடியாது என்று மெக்கானிக் பதில் அனுப்பினால், ஏன் என்று கேட்காமல் ஏற்றுக்கொள்ளும்படி செய்தாள். கை கூடியபின் கூத்தையா முதல் வேலைக்குப் போனது வெயில் காயும் ஒரு நாளில், உள்ளூரில்தான். அவரிடமிருந்து முடிந்தது என்று செய்தி வரும்வரை, பிசைந்த சோற்றை அவள் வாயில் வைக்கவில்லை.