அப்பா தைத்தது

அப்பாவின் உடலை ஏற்றிய வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. பின்னால் போகவேண்டிய காரின் முன்சீட்டில் அம்மா ஏறி, வழக்கம்போலச் சீட்டைச் சாய்த்துக்கொண்டாள்.

“நிமிர்த்தும்மா. பெல்ட்டப் போடு,” என்றாள் மகள், கதவைப் பிடித்தபடி.

“இன்னைக்குமாடி?”

இன்றைக்குச் சொல்லாமல் வேறு என்றைக்குச் சொல்வது? அப்பாவும் இப்படித்தான் சாய்ந்து படுத்துக்கொண்டு மருமகனோடு போனார். முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. பெல்ட் போட்டிருந்த மருமகனுக்குத் தோளில் ஒரு கன்றல், அவ்வளவுதான். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆயுள் முழுக்கக் கார் சீட்டுக்கு உறை தைத்தவர். சீட்டுக்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். அதில் உட்காரத்தான் அவருக்குத் தெரியவில்லை. பெல்ட் போடாவிட்டால் கார் கத்துமே, அதை அடக்க ஒரு வழி வைத்திருந்தார். பழைய பெல்ட்டுகளின் க்ளிப்பை மட்டும் வெட்டியெடுத்து, தோல் உறை தைத்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சும்மா கொடுப்பார். பெல்ட் மாட்டும் இடத்தில் அதைச் செருகினால் காரும் ஏமாந்து வாயை மூடிக்கொள்ளும். மகள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இந்தக் காரிலும் ஒன்று இருந்தது. பிடுங்கினாள். சித்தப்பா சாவியைத் திருகியதும் கார் கத்தத் தொடங்கியது.

“அதத் திரும்ப மாட்டிடும்மா. உங்கப்பா ஞாபகமா வெச்சிருக்கேன்.”

“அவங்க பெல்ட்டப் போடட்டும் சித்தப்பா.”

“விதி முடிஞ்சா எதப் போட்டு என்ன?”

“அந்த விதிக்கு உறை தைச்சுக் குடுத்ததே அவர்தான்.”

சித்தப்பா வாயை மூடிக்கொண்டார். கார் மூடவில்லை.

“கழுத்த அறுக்கும்னு சொல்வாரு,” என்றாள் அம்மா மெல்ல.

“படுத்துக்கிட்டுப் போட்டா அறுக்கத்தான் செய்யும். நிமிர்ந்து உக்காந்தா தோள்ல கெடக்கும்மா.”

அம்மா சீட்டை நிமிர்த்தி, பெல்ட்டை இழுத்து மாட்டினாள். சத்தம் நின்றது. அந்த அமைதியில் மகளுக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. திட்டவும் ஆள் இல்லை.

பின்சீட்டில் ஏறித் தன் பெல்ட்டை இழுத்தாள். மாட்டும் இடத்தைத் தேடிய கை வழுக்கிக்கொண்டே போனது. துருத்திக்கொண்டு இருந்தால் அழகாக இல்லையென்று, அதையும் உள்ளே வைத்துச் சீட்டு உறையைத் தைத்திருக்கிறார் அப்பா. நகத்தால் கீறிப் பார்த்தாள். ஒரு தையலும் விடவில்லை.

“போலாமாம்மா?” என்றார் சித்தப்பா.

“இருங்க.”

குனிந்து, நூலைப் பல்லில் கடித்தாள்.