ஆற்றைக் கடக்காத பச்சை

“பச்சையைத் தவிர வேற என்னத்தையும் கேள், தாறன்.”

“வேற ஒண்டும் வேணாம்.”

“போன தரமும் ஒண்டும் வேணாமெண்டுதான் வந்தாய். மறுகா மூணு உருண்டை மஞ்சளைத் தூக்கிக்கொண்டு போனாய்.”

“மஞ்சள் வேற, றஸீனா. இது…”

அன்னப்பூரணி சொல்ல வந்ததை முடிக்காமல் நூலுருண்டையை எடுத்துக் கன்னத்தோடு ஒற்றிப் பார்த்தாள்.

“கன்னத்தில வைக்காத புள்ள. வெச்சா விடமாட்டாய்.”

“விலையைச் சொல்லன்.”

“விலை கிடக்கட்டும். இதோட சென்றியைத் தாண்டுவியா நீ? பக்கீர் காக்காட துவாய்க்கு நடந்தது தெரியுந்தானே? பச்சைத் துவாய். தோளில போட்டுக்கொண்டு துறைக்குப் போன மனிசனை ரெண்டு மணித்தியாலம் வெயில்ல நிப்பாட்டி வெச்சானுகள். துவாயை அரிஞ்சி ஆத்தில போட்டுட்டுத்தான் விட்டானுகள். நீ ஆறு உருண்டை கொண்டு போனாயெண்டா ஆறு பேருக்கு யுனிபோம் தைக்கப் போறாயெண்டுதான் நினைப்பானுகள்.”

“கம்பளி நூலில ஆரும் யுனிபோம் தைப்பாங்களா?”

“அதை அவனுக்குச் சிங்களத்தில சொல்லு. எங்க, சொல்லு பாப்பம்.”

அன்னப்பூரணிக்குச் சிங்களத்தில் ‘முத்திரை’, ‘கையொப்பம்’, ‘நாளைக்கு வாருங்கள்’ என்பவை மட்டும் தெரியும். அவள் படுவான்கரையில் ஓர் உப தபாலகத்தின் அதிபர். புலிகள் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த ஊர் அது. இரண்டு சனிக்கிழமைக்கு ஒருமுறை, ஊரார் ஆறு என்று சொல்லும் வாவியைக் கடந்து காத்தான்குடிக்கு வருவாள். கடப்பதற்கு இருந்தது ‘பாதை’ என்று எல்லோரும் சொல்லும் மிதவை ஒன்றுதான். துறையில் இருந்த சென்றியில், அந்தக் காவலரணில், இராணுவம் பெயரைக் கொப்பியில் பதிந்துவிட்டுத்தான் விடும். பின்னேரம் நான்கு மணிக்குக் கடைசிப் பாதை. அதற்குள் திரும்பாதவரின் பெயரை அடுத்த முறை வேறு கொப்பியில் தேடுவார்கள்.

றஸீனாவின் கடை அவளுடைய வீட்டின் முன்னறை. பெண்கள் மட்டும் வந்து போகும் இடம். கண்ணாடி அலுமாரியில் பொத்தான், மினுக்கம், றேந்தை நூல். அவளது கணவன் இப்றாஹிம் கட்டாரில் இருந்தான். அவன் அனுப்பிய ஒரு பெட்டியில்தான் இந்தக் கம்பளி நூல் வந்தது. ரோசாவும் வெளிர்நீலமும் குழந்தைத் தொப்பிகளாகிப் போய்விட்டன. இந்த வெக்கையில் கரும்பச்சைக் கம்பளியை யார் வாங்குவார்? ஆறு உருண்டைகளும் கடதாசிப் பட்டி கழலாமல் அப்படியே இருந்தன.

அன்னப்பூரணி உருண்டையை மேசையில் வைத்தாள். திரும்ப எடுத்தாள்.

“அப்ப இது இங்கயே இரிக்கட்டும். நான் வந்து இங்கயிருந்து பின்னுறன்.”

“என்ன?”

“நூலும் இங்க, ஊசியும் இங்க. வாறநேரம் வந்து பின்னிப்போட்டுப் போறன்.”

றஸீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நல்லாரிக்கி! புருசன் ஒரு ஊரில, பொஞ்சாதி ஒரு ஊரில மாதிரி.”

சொல்லி முடித்ததும் சிரிப்பை முதலில் நிறுத்தியவளும் அவள்தான். பிறகு உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கி வந்து யன்னலோரம் போட்டாள்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டின் மாசி மாதம்.

அன்னப்பூரணியின் வீட்டில் உறையில்லாத பொருள் கிடையாது. வானொலிக்கு ஒரு றேந்தை உறை, தண்ணீர்க் குடத்துக்கு மணி தொங்கும் மூடி, கதிரைச் சாய்வுகளுக்கு விரிப்பு, தபால் நிறுக்கும் தராசுக்குக்கூட ஒரு சிறிய வெள்ளைத் தொப்பி. முத்திரை வாங்க வந்த ஒருவர் “இதுக்குத் தடிமன், காய்ச்சல் ஏதும் புடிச்சிருக்கா, தங்கச்சி?” என்று கேட்டிருக்கிறார். பெட்டகத்தில் பின்னப்படாத நூல் இன்னும் பத்து வருடங்களுக்குப் போதும். ஒவ்வொரு முறையும் பாதையில் ஏறும்போது வெள்ளை நூல் மட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். கடையில் நின்று, ஒரு நூலின் பட்டியை விரலால் மெல்லத் தள்ளி உள்ளே நிறம் இன்னும் ஆழமாக இருப்பதைக் கண்டுவிட்டால் அந்தச் சொல் போய்விடும். வாங்கியதைப் பையின் அடியில் போட்டு, மேலே சீனியையும் பருப்பையும் அடுக்கி மறைப்பாள். கலியாணமான பெண்கள் அப்படித்தான் மறைத்துக் கொண்டுபோவார்கள். வீட்டு வாசலில் பூட்டைத் திறக்கும்போதுதான் நினைவு வரும், உள்ளே கேட்பதற்கு ஒருவரும் இல்லை என்று. அம்மா இறந்து இரண்டு வருடம். தம்பி சுவிஸில்.

கடிதங்களும் குறைந்துவிட்டன. தபால் பை வராத நாட்களில் அவள் தபாலக மேசையில் தடித்த மொழிபெயர்ப்பு நாவல்களைப் படித்தாள். அவற்றில் எங்கேயோ ஒரு தூர தேசத்தில் பனி கொட்டிக்கொண்டிருக்கும். கதவு தட்டப்படும். ஒரு பெண் கம்பளிச் சால்வையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு திறக்கப் போவாள். அன்னப்பூரணிக்குக் கதையில் பாதி மறந்துபோகும். அந்தச் சால்வை மறக்காது. றஸீனாவின் மேசையில் இருந்த பச்சை அந்தக் கதைகளில் வரும் காடுகளின் பச்சை. அந்தக் காடுகளை அவள் கண்டதில்லை. ஆனாலும் நிறம் அதுதான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இலைக்கோலம் போட்ட ஒரு சால்வையை நடுவில் தொடங்கினாள். அங்கிருந்து இரு பக்கமும் வளர்ந்தால்தான் போர்த்தும்போது இரண்டு முனையிலும் இலைகள் கீழ்நோக்கித் தொங்கும். பக்கத்துக்கு அறுபது வரி. வரிக்கு வரி கண்ணிகளின் எண்ணிக்கை மாறும். அதைத் தாளில் எழுதிக் கொண்டுவர முடியாது. இலக்கங்கள் எழுதிய துண்டைச் சென்றியில் கண்டால் என்னவென்று விளக்குவது? வீட்டில் வெள்ளை நூலில் பின்னிப் பார்த்து, மனனம் செய்துகொண்டு வந்தாள். பாதையில் அவள் உதடு அசைவதைப் பார்த்து, பக்கத்தில் இருந்த சீதேவிப்பிள்ளை என்ற கிழவி கேட்டாள்.

“எந்தக் கோயிலுக்குப் புள்ள நேத்தி?”

“அஞ்சு சங்கிலி, மூணு கண்ணி…” என்று போய்க்கொண்டிருந்தவள் தடுமாறி, “மாமாங்கம்” என்றாள்.

“நல்லாக் கும்பிடு. கிட்டடியில மாப்பிள்ளை வரும்.”

இதை றஸீனாவிடம் சொன்னபோது அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்த முன்னறையில் கழிந்த இரண்டு மணித்தியாலங்கள்தான் அன்னப்பூரணிக்கு இரண்டு கிழமைக்குமான வாழ்வாக இருந்தன. முனை வளைந்த ஊசி நூலைக் கொளுவி இழுக்கும் மெல்லிய உரசல். றஸீனா கொண்டுவரும் இஞ்சித் தேத்தண்ணி. வரும் பெண்கள் சால்வையைத் தொட்டுப் பார்த்து, “ஆருக்கு இது? குளிர் நாட்டுக்கா?” என்று கேட்பார்கள். “ஓம், படுவான்கரைக்கு. அங்க இப்ப ஒரே பனி” என்று றஸீனா பதில் சொல்லிவிடுவாள். றஸீனா பின்னுவதில்லை. “நான் விக்கிறவள். எனக்கு ஊசி புடிக்கப் பொறுமையில்ல” என்பாள்.

ஆனி மாதத்தில்தான் அது தொடங்கியது.

முப்பத்தெட்டாம் வரியில் விட்டுப் போனதாக நினைத்து வந்தாள். எண்ணிப் பார்த்தால் முப்பத்தைந்து. சரி, பிழையாக எண்ணியிருப்பேன். அடுத்த முறை நாற்பத்தொன்று என்று நினைத்தாள், முப்பத்தேழு இருந்தது. ஆடியில் ஒரு சனி தலை நிமிராமல் பின்னியும், பதினைந்து நாள் கழித்து வந்தபோது சால்வை அதே நீளத்தில் அவளைப் பார்த்தது.

“எனக்குத் தலைக்குள்ள என்னமோ நடக்குது, றஸீனா. எண்ணினது நிக்குதில்ல.”

றஸீனா பொத்தான்களைத் தரம்பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “தனிய இரிக்கிறாய். அதுதான். வல்லாரை தின்னு. நான் தாறன்.”

ஒரு பிடி வல்லாரையைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கொடுத்தாள்.

அன்னப்பூரணி வல்லாரையைச் சம்பலாகவும் கஞ்சியாகவும் தின்றாள். பயம் போகவில்லை. தபாலக முத்திரைகளைக் காலையில் எண்ணினாள், மத்தியானம் எண்ணினாள், பூட்டுமுன் எண்ணினாள். எல்லாம் சரியாகவே இருந்தது. அந்தச் சரியையும் நம்ப முடியவில்லை. கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தாள். பேச ஆளில்லாத வீட்டில் மனம் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்து போவது இப்படித்தானோ? போனால் யார் கண்டுபிடிப்பார்? தான் என்ற ஒருத்தி சரியாக இருக்கிறாள் என்று சொல்ல, அவளைத் தவிர சாட்சி ஒருவரும் இல்லை.

புரட்டாதியில் ஊரில் ஒரு கதை பரவியது. அடுத்த கிழமையிலிருந்து பாதை ஓடாது, எப்போது திரும்ப விடுவார்களோ தெரியாது. அன்னப்பூரணி தனக்குரிய சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் ஒரு கிழமை முந்தியே புறப்பட்டாள்.

முன்னறையில் ஒருவரும் இல்லை. “றஸீனா” என்று கூப்பிட்டுக்கொண்டே குசினிப் பக்கம் போனாள். பின்முற்றத்துக் கொடியில் பச்சை தொங்கியது. நீளமாக, தளர்வாக, ஈரமாகத் தொங்கிய நூற்கற்றை. அதன் அடியில் ஒரு படிக்கல் கட்டியிருந்தது. நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் கிட்டப் போய் ஓர் இழையைப் பிடித்துப் பார்த்தாள். புது நூல் நேராக இருக்கும். பின்னி அவிழ்த்த நூல் அப்படியல்ல; இருந்த கண்ணியின் வளைவை விடாமல் சுருண்டு நிற்கும். அந்தச் சுருளை எடுக்க ஒரே வழி, நனைத்துப் பாரம் கட்டித் தொங்கவிடுவதுதான். காய்ந்ததும் உருண்டையாகச் சுற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. அவளுக்கே இத்தனை மாதமும் தெரியவில்லை.

குசினி வாசலில் றஸீனா நின்றாள். கையில் பச்சை நூலில் ஏதோ இருந்தது.

“இண்டைக்கு உன்ட நாளில்லையே” என்றாள்.

“இல்லதான்.”

“தேத்தண்ணி…”

“நான் எண்ணினது சரி, என்ன?”

றஸீனா கையிலிருந்ததைப் பின்னால் மறைத்தாள்.

“முப்பத்தெட்டெண்டால் முப்பத்தெட்டுத்தான். என்ன?”

“ஓம்.”

“எனக்கு விசர் புடிக்குதெண்டு நினைச்சன், றஸீனா. முத்திரையை மூணு தரம் எண்ணினன். பூட்டின கதவைப் போய்ப் போய் இழுத்தன். நீ வல்லாரை தந்தாய்.”

“நீ அப்பிடிச் சொன்ன அண்டைக்கே உண்மையைச் சொல்ல வெளிக்கிட்டன். அல்லாட ஆணை. வாய் வரல்ல.”

“என்னத்துக்கு?”

றஸீனா கொடியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “அவர் மாசத்துக்கு ஒரு கசட் பேசி அனுப்புவார். போட்டுக் கேப்பன். கேட்டு முடிஞ்சா, ‘டக்’கெண்டு நிக்கும் பாரு, அப்ப இந்த வீடு இன்னும் பெருத்துப் போயிரும். அடுத்த வளவில அக்கா இரிக்கா. அவக்கு ஏழு புள்ளைகள், அவக்கு நேரமில்ல. நீ சால்வையை முடிச்சிட்டாயெண்டா என்னத்துக்கு வருவாய்? ரெண்டு வரி அவுத்தா ரெண்டு கிழமை கூடக் கிடைக்குமெண்டு நினைச்சன். அவ்வளவுதான். மறுகா அது பழக்கமாப் போச்சி.”

“முடிஞ்சா வேற ஒண்டு தொடங்கியிருப்பனே.”

“எனக்கெப்பிடித் தெரியும்? நீ அப்பிடிச் சொல்லல்லையே.”

அன்னப்பூரணி யோசித்தாள். சொன்னதில்லைதான். கோபம் இருந்தது. ஆனால் அதற்குக் கீழே இன்னொன்று, அவளுக்கு வெட்கம் தருகிற அளவுக்கு இனிப்பாக, மெல்ல இளகியது. அவள் வரவேண்டும் என்பதற்காக ஒருத்தி இவ்வளவு பாடுபட்டிருக்கிறாள். நூலை நனைத்து, கல் கட்டி, காயவைத்து, சுற்றி. அவளுடைய வருகைக்காக வேறு யார் ஒரு விரலை அசைத்திருக்கிறார்கள்?

“கல் கட்ட ஆர் சொல்லித் தந்தது?”

“ஒருத்தரும் இல்ல. பட்டுத்தான் பழகினன்.” றஸீனா தயங்கி, கையிலிருந்ததை நீட்டினாள். அவிழ்த்த நூலில் பின்னிய ஓர் இலை. கோணலாக, ஒரு பக்கம் தடித்து, தண்டு இழுபட்டிருந்தது. “நீ பின்னுறதைப் பாத்துப் பாத்து… சிரிக்காத.”

அன்னப்பூரணி சிரிக்கவில்லை. இலையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். நுனியில் மூன்று கண்ணி விட்டுப்போயிருந்தது.

“அடுத்த கிழமை பாதை ஓடாதாம்” என்றாள். “அதுதான் இண்டைக்கு வந்தன்.”

“எப்ப விடுவானுகளாம்?”

“தெரியா.”

முன்னறை மணிக்கூட்டில் இரண்டரை ஆகியிருந்தது. நான்கு மணிப் பாதையைப் பிடிக்கத் துறைக்கு முக்கால் மணித்தியாலம் நடக்கவேண்டும். றஸீனா உள்ளே போய்ச் சால்வையை எடுத்து வந்தாள். தரையில் பாயை விரித்து, அதன்மேல் நடுவிலிருந்து இரு பக்கமும் நீட்டிப் போட்டாள். இரண்டு முனைகளும் வெட்டுப்பட்டதுபோல நின்றன.

“இந்தப் பக்கம் இன்னும் பதினொண்டு, அந்தப் பக்கம் இன்னும் பதினொண்டு. நான் எண்ணி வெச்சிரிக்கன்” என்றாள். பாயின் ஒரு முனையில் உட்கார்ந்தாள். அன்னப்பூரணியின் ஊசியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, தன்னுடையதை எடுத்துக்கொண்டாள். அவளுக்கென்று ஓர் ஊசி இருந்தது.

“நீ அந்தப் பக்கம் புடி, நான் இந்தப் பக்கம். பிழைச்சாத் திருத்து. ரெண்டு பேரும் இருந்தா விடியக்குள்ள முடியும்.” நூலின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். “இண்டைக்கு நில்லன், பூரணி.”