வெண்ணெய் வாசம் வந்த காலை

1.

சமையல் குறிப்பு எழுத உட்கார்ந்தவன் கதையில் மாட்டிக்கொண்டேன். ஒரு விழா மலருக்காக, வீட்டிலேயே செய்கிற இனிப்பும் உப்புமான பிஸ்கட்டைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டார்கள். "சிரிச்சுக்கிட்டே படிக்கிற மாதிரி இருக்கணும் சார்" என்றார் போனில் பேசியவர். சரி என்றேன். மைதா, வெண்ணெய், நாட்டுச்சர்க்கரை, மேலே தூவக் கொஞ்சம் கல்லுப்பு. இதில் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்தேன்.

செய்வதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. சண்முகப்பிரியா என்று பெயர் வைத்தேன். எருமப்பட்டிப் பக்கம் ஓர் ஊரில், கோழிப்பண்ணை வைத்திருக்கும் வீட்டின் மருமகள். ஊரின் பெயர் வேண்டாம். முட்டை மலைபோல் குவிந்த வீட்டில் முட்டையே போடாமல் பிஸ்கட் சுடுகிறாள் என்பதுதான் நான் கைவசம் வைத்திருந்த ஒரே நகைச்சுவை. முதல் வரியும் எழுதிவிட்டேன்:

'அன்று காலையிலிருந்தே பிரியாவின் நாக்கு நமநமவென்று…'

ஏன் முட்டை போடவில்லை என்று அப்போதுதான் என்னையே கேட்டுக்கொண்டேன். கேட்டிருக்கக் கூடாது.

2.

முட்டை இல்லாததற்குக் காரணம், ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தது. கோயில் முன்னால், அம்மனின் கணவனாகக் கும்பிடுகிற மரக்கம்பத்தை நட்டாயிற்று. அதைப் பிடுங்கும்வரை கவிச்சி கிடையாது. அதோடு எந்த வீட்டிலும் தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது, எண்ணெய்ச்சட்டி அடுப்பில் ஏறக் கூடாது. அந்த வாசம் ஆத்தாளுக்கு ஆகாது. மீறினால் தெருவில் யாருக்காவது அம்மை போட்டுவிடும் என்பார்கள்.*

தாளிக்காத ரசம், தாளிக்காத பருப்பு, தயிர். பிரியாவின் நாக்கு செத்துப்போயிருந்தது. கோயம்புத்தூரில் படிக்கும்போது விடுதிக்கு எதிரே இருந்த பேக்கரியில் தின்ற பிஸ்கட் நினைவுக்கு வந்தது. முதலில் இனிக்கும், பிறகு பல்லிடுக்கில் ஓர் உப்புக்கல் கரிக்கும். நினைத்த பிறகு அவளுக்கு வேறு வேலை ஓடவில்லை.

(இந்த இடத்தில் 'அவளுக்கு மசக்கை' என்று எழுதி அடித்துவிட்டேன். மசக்கைக்காரி என்றால் நீங்கள் உடனே மன்னித்துவிடுவீர்கள். அவளுக்கு மசக்கை இல்லை. வெறும் ஆசை.)

* பிரியா நுண்ணுயிரியல் படித்தவள். அம்மை எந்தக் கிருமியால் வருகிறது, உடம்பில் ஏறி எத்தனை நாள் கழித்து வெளியே தெரியும் என்றெல்லாம் சொல்வாள். அந்தப் படிப்பு இந்தக் கதையில் அவளுக்கு உதவப்போவதில்லை.

3.

காலையில் தெருவே ஈரத்துணியோடு கம்பத்துக்கு மஞ்சத்தண்ணி ஊற்றப் போகும். கணவன் தமிழரசு பண்ணைக்குப் போய்விட்டான். மாமியார் ஆத்தாயி சொம்பும் வேப்பிலையுமாகப் புறப்பட்டபோது, பிரியா தூரம் என்று சொல்லிவிட்டாள். தூரமானவள் கோயிலுக்கும் போகமாட்டாள், அடுப்படிக்கும் போகமாட்டாள். இதைவிடப் பத்திரமான பொய் அந்த வீட்டில் கிடையாது.

ஓவன் மாடி அறையில் இருந்தது. கல்யாணத்துக்கு அவளுடைய அண்ணன் வாங்கித் தந்தது. எண்ணெய்ச்சட்டி வைக்கவில்லை, அடுப்பே பற்றவைக்கவில்லை, இதில் எங்கே தாளிப்பு வந்தது என்று மாவைப் பிசைந்துகொண்டே தனக்குள் வாதாடினாள். யாரும் கேட்காத கேள்விக்கு இத்தனை பதில் வைத்திருந்தாள். உருட்டித் தட்டி, உப்பைத் தூவி உள்ளே வைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். மேலே வெண்டிலேட்டர் திறந்திருந்ததைக் கவனிக்கவில்லை.

வெண்ணெய் உருகி, சர்க்கரை ஓரத்தில் சிவக்க ஆரம்பித்ததும் கிளம்பிய வாசம் இருக்கிறதே — (இங்கே அரைப்பக்கம் வர்ணித்திருந்தேன். மலருக்கு அதுதானே வேண்டும். பிறகு நடந்ததை எழுதியபின் அந்த வர்ணனையைப் படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது.) நெய் காய்ச்சுகிற வாசம். அவ்வளவு போதும்.

4.

கோயிலிலிருந்து திரும்பிய பெண்கள் பிரியா வீட்டை ஒட்டிய வாடகை வீட்டு வாசலில் நின்றுவிட்டார்கள். அங்கே இருப்பவள் அமுதவல்லி. ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. புருஷன் ஆழ்குழாய்க் கிணறு போடுகிற ரிக் வண்டியோடு வடநாட்டில். மகளுக்குக் காய்ச்சல் என்று அவள் அன்று தண்ணி ஊற்றப் போகவில்லை. தெருவில் தங்கியவர்கள் அவளும் பிரியாவும்தான். பிரியாதான் தூரமாயிற்றே.

"ஏனுங்கம்மிணி, வெண்ணெ காய்ச்சுனீங்களா?" என்று ஆத்தாயிதான் ஆரம்பித்தாள்.

"இல்லம்மா. கொழந்தைக்குக் கஞ்சிதான் வச்சேன்."

"கஞ்சி இப்படி மணக்குமாக்கும்? தெருமொனை வரைக்கும் அடிக்குது."

"சத்தியமா இல்லம்மா. வேணும்னா உள்ள வந்து பாருங்க."

"நாங்க எதுக்குப் பாக்கோணும்? மேல ஒருத்தி பாத்துக்கிட்டுத்தான் இருக்கறா. காப்புக் கட்டுன ஊருல இருந்துக்கிட்டு நாக்க அடக்கத் தெரியோணும்."

மாடிக் கைப்பிடிச் சுவரோரம் பிரியா நின்றிருந்தாள். அமுதவல்லி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். நீங்களாவது சொல்லுங்கக்கா என்கிற பார்வை. அப்போதுதான் ஒரு பிஸ்கட்டை முழுதாக வாயில் போட்டிருந்தாள் பிரியா. வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். மென்றாலும் தெரிந்துவிடும். அது இனித்துக் கரைந்து, கடைசியில் உப்புக் கரித்தது. அதற்குள் எல்லோரும் கலைந்து போய்விட்டார்கள்.

5.

மேலே உள்ளதை எழுதி முடித்ததும் எனக்குத் திருப்தியாக இருந்தது. வாய்நிறையப் பிஸ்கட்டோடு அவள் எப்படிப் பேசுவாள், பாவம். இரண்டு நாள் கழித்துப் படித்துப் பார்த்தபோதுதான், அதை அவள் வாயில் போட்டவன் நான் என்பது உறைத்தது. அவள் பேசாமல் இருந்ததற்கு நான் காரணம் செய்துகொடுத்திருந்தேன்.

பிஸ்கட்டை எடுத்துவிட்டுத் திரும்ப எழுதினேன்:

'மாடிக் கைப்பிடிச் சுவரோரம் பிரியா நின்றிருந்தாள். அமுதவல்லி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிரியாவின் வாயில் ஒன்றும் இல்லை. பிரியா உள்ளே போய்விட்டாள்.'

இதுதான் சரியான வரைவு. மற்றதை நீங்கள் மறந்துவிடலாம்.

6.

மறுநாள் அமுதவல்லியின் மகளுக்குக் காய்ச்சல் விட்டு முத்து முத்தாகக் கிளம்பியது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். தெருவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. கம்பம் பிடுங்கும்வரை தண்ணி ஊற்ற வரவேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

நடுச்சுவர் வழியாக அமுதவல்லி புருஷனிடம் போனில் பேசுவது பிரியாவுக்குக் கேட்டது.

"நான் ஒண்ணுமே பண்ணலங்க… இருங்க, அன்னைக்கி பாப்பா சோறு எறங்கலன்னு அழுதாளேன்னு ஒரே ஒரு அப்பளம் தணல்ல சுட்டுக் குடுத்தேன். எண்ணெ கூட இல்ல. அதுதானோ என்னவோ. என்னாலதான் பிள்ளைக்கு இப்படி ஆயிடுச்சோ."

கிருமி அந்தக் குழந்தையின் உடம்பில் ஏறி இரண்டு வாரமாவது ஆகியிருக்கும் என்று பிரியாவுக்குத் தெரியும். போய் அதையாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், அமுதவல்லி மேல் தப்பில்லை என்றாகும், அப்படியென்றால் அந்த வாசம் யாருடையது என்ற கேள்வி வரும். சுவரில் சாய்ந்தபடி அவள் கூனிக்குறுகி நின்றாள். தன் உடம்பே தனக்கு அருவருப்பாக இருந்தது. மிச்சப் பிஸ்கட்டெல்லாம் ஒரு டப்பாவில் மாடி அலமாரிக்குள் இருந்தது. தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

7.

முடிவு ஒன்று: அவள் சொல்லிவிடுகிறாள்.

இதை எழுதும்போது எனக்கு நம்பிக்கை இருந்தது. சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த மாமியாரிடம் போய் நின்றாள்.

"அத்தை, அன்னைக்கு வந்த வாசம் நம்மூட்டுலருந்துதானுங்க. நான்தான் மாடில பிஸ்கட்டு சுட்டேன். தூரம்னு சொன்னதும் பொய்யிங்க."

ஆத்தாயி தட்டைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்தாள். வாசல்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கரண்டு அடுப்புலதான சாமி சுட்டே? எண்ணெச்சட்டி வெக்கலயில்ல? அதெல்லாம் கணக்குல வராது. போச்சாது உடு."

"அமுதா மேல பழி போட்டுட்டமே அத்தை."

"அவ வாடகைக்கு இருக்கறவ. இன்னைக்கு இருப்பா, நாளைக்கு ஊட்டக் காலி பண்ணிக்கிட்டுப் போவா. நாம இங்கயே இருக்கறவிய. வெளிய மூச்சு உட்றாத."

நானும் அங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். திட்டு விழும் என்று பயந்துதான் அத்தனை நாள் வாயை மூடியிருந்தாள் பிரியா. திட்டே விழவில்லை. அதே வாசத்துக்கு அமுதவல்லிக்கு ஒரு தீர்ப்பு, அவளுக்கு ஒரு தீர்ப்பு. மன்னிப்பு இத்தனை சுலபமாகக் கிடைத்ததில்தான் அவளுக்கு முகத்தைத் தூக்க முடியாமல் போயிற்று. ஆகவே இது முடிவு இல்லை.

8.

முடிவு இரண்டு: குழந்தைக்கு அம்மை இறங்கிவிட்டது. தலைக்கு மூன்று தண்ணியும் ஊற்றியாயிற்று. கம்பத்தையும் பிடுங்கிக் கிணற்றில் விட்டுவிட்டார்கள். தெருவில் அன்றைக்கே எல்லா வீட்டிலும் கடுகு வெடித்தது. மாலையில் பிரியா வீட்டு வாசலில் அமுதவல்லி வந்து நிற்கிறாள். கையில் தூக்குப்போசியில் மாவிளக்கு மாவு.

"அக்கா, ஆத்தாளுக்குப் போட்டதுங்க. மொதல்ல உங்க வீட்டுக்குத்தான் கொண்டாந்தேன். என்னால தெருவுக்கே சங்கடமாப் போச்சு. மனசுல வச்சுக்காதீங்கக்கா."

அவள் மகள் அம்மாவின் சேலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறது. நெற்றியில் கருந்தழும்பு. அடுப்படியிலிருந்து ஆத்தாயி, "யாரு சாமி?" என்கிறாள்.

'பிரியா வாயைத் திறந்து…' என்று எழுதினேன். அடித்தேன். 'பிரியா மாவை வாங்கிக்கொண்டு…' என்று எழுதினேன். அதையும் அடித்தேன்.

மலர்க்காரருக்குப் போன் செய்து குறிப்பு வராது என்று சொல்லிவிட்டேன். இனிமேல் அவள் வாயில் போட என்னிடம் ஒன்றும் இல்லை. டப்பா மாடி அலமாரியில் இருக்கிறது, அதை எடுக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அமுதவல்லி போசியை நீட்டியபடி நின்றுகொண்டே இருக்கிறாள். நீங்கள் படிப்பதை நிறுத்தினால் அவள் போய்விடுவாள், மன்னிப்புக் கேட்டவளாகவே போய்விடுவாள்.