கயிற்றை அவிழ்த்த பிறகு

இந்தக் காலத்து மனுசனுக்குக் கை எதற்கு இருக்கிறதென்றே சண்முகையாவுக்கு விளங்கவில்லை. வாங்குகிறவனும் போனைத் தடவுகிறான், விற்கிறவனும் போனைத் தடவுகிறான். ரூபாயைக் கண்ணால் பார்க்க ஒருத்தனுக்கும் ஆசையில்லை.

சங்கரன்கோவில் ஆட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசி, இரண்டு கிடாய்களையும் பத்தொன்பதாயிரத்துக்கு முடித்தாகிவிட்டது. விற்றவன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டால் வியாபாரம் முடிந்தது என்பது சந்தை வழக்கம். பழக்க தோசத்தில் அவரும் அவிழ்த்துக்கொண்டார். கிடாய்கள் வேனில் ஏறிய பிறகுதான் கடையநல்லூர் வியாபாரி பாதுஷா போனை எடுத்தான்.

“எதுல போட அண்ணாச்சி? ஜிபேயா, போன்பேயா, பேங்க்லயா?”

“என் கையில போடும் வே.”

“ரொக்கம் இல்ல. இப்பம் எல்லாரும் இப்படித்தான வாங்குதாவ.”

“அப்பம் கிடாய இறக்கும்.”

“கயித்த அவுத்துட்டு இறக்கச் சொல்லுதியளே! நாலு பேர் சிரிக்க மாட்டாவளா?”

சுற்றி நின்றவர்கள் அதற்குள் சிரித்துவிட்டார்கள்.

பேங்கில் போடலாம்தான். ஆனால் அவருடைய கணக்கு மகன் காளிராஜின் போன் நம்பரில் ஓடுகிறது. போன தடவை கடலை விற்ற பணம் விழுந்த அன்றே திருப்பூரில் இருந்தபடி அவன் வழித்து எடுத்துவிட்டான். இது மனைவி பொன்மணியின் கண் ஆபரேசனுக்கான பணம். நாளைக் காலையில் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கட்ட வேண்டும். தவறினால் அவள் இன்னும் எத்தனை மாதம் சுவரைத் தடவி நடக்க வேண்டுமோ.

“என் கணக்குக்குப் போடச் சொல்லுங்க அண்ணாச்சி. நான் ரொக்கமாத் தாரேன்” என்றாள் சந்தையில் டீக்கடை வைத்திருக்கும் மைமூனம்மாள். மகன் கதை அவளுக்கும் தெரியும்.

“எம்புட்டு புடிப்ப?”

“ஆயிரத்துக்குப் பத்து. மொபைல் கடையில இருபது.”

“சும்மா கை மாத்துததுக்கா?”

“அப்பம் ஒங்க மவனுக்கே போடச் சொல்லுங்க.”

வேறு வழியில்லை. தலையாட்டினார். பாதுஷா போனைத் தட்டியதும், டீக்கடை மேசையில் இருந்த, பணம் விழுந்தால் அறிவிக்கும் பெட்டி பத்தொன்பதாயிரம் வந்ததாகக் கத்தியது. வேன் கிளம்பிவிட்டது.

மைமூனம்மாள் கல்லாவைத் துழாவி ஆறாயிரத்தை நீட்டினாள். “இம்புட்டுத்தான் கிடக்கு. மிச்சத்த சாயங்காலம் எடுத்து வச்சிருக்கேன்.”

“பெட்டி முழுசாச் சொல்லுச்சே?”

“பெட்டியா துட்டு வச்சிருக்கு? நான் எங்க ஓடிருவேன்? பதினாறு வருசமா இங்கனதான கெடக்கேன்.”

“காளிராஜு நாப்பது வருசமா எம்மவனாத்தான் கெடக்கான்.”

அவள் சிரித்துக்கொண்டே ஒரு டீயை ஆற்றி அவர் முன்னால் வைத்தாள். காசு வேண்டாமாம்.

“சாயங்காலம்னா எத்தன மணி?”

“அஞ்சு.”

அவர் நோட்டுகளை மடியில் செருகினார். டீயைத் தொடவில்லை. அஞ்சு மணி வரை எங்கே போவதென்று தெரியாமலே வெயிலில் இறங்கி நடந்தார். பணம் வந்துவிட்டது என்று அந்தப் பெட்டி சொன்னதை அவர் இன்னும் நம்பவில்லை.