மிளகாய்க்குப் பிறகு ஒரு மணி நேரம்

“மெஷின் நிக்கலக்கா. நீங்கதான் நிப்பாட்டி வச்சிருக்கீங்க.”

“நிப்பாட்டாம? இந்தச் சூட்டோட அடுத்த மூட்டையக் கொட்டினா தூள் கறுத்துப் போயிடும். கறுத்த தூள உங்கப்பா யார் தலையில கட்டுவாரு, உன் தலையிலயா?”

“சூடே இல்லக்கா. இந்த ஃபோன்ல பாருங்க, சூட்டுக் கோடு எங்க இறங்கிக் கிடக்குன்னு.”

“கோடு ஏறும், இறங்கும். நீ ஸ்கூல் யூனிஃபார்மோட இங்க வந்து தும்மித் தும்மி அழுதப்பவே நான் மிளகாய் மூட்டை தூக்கினவ. போ லா.”

பிரிஜட் முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, அரவை இயந்திரத்தின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல் விட்டுப்போன குழந்தையின் நெற்றிபோல வெதுவெதுப்பாக இருந்தது. கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். நிதீஷ் அதைப் பார்த்தான். கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, “நாளைக்கு ஒரே ஒரு மூட்டை, நான் சொல்ற நேரத்துல போட்டுப் பாப்போம். கறுத்துச்சுன்னா நான் வாயே தொறக்க மாட்டேன்” என்றான்.

“அது நடக்கிற காரியமா?” என்றாள் பிரிஜட்.

அழகேசனின் மசாலா மில், ஜூரோங்கில் உணவு தயாரிப்பவர்கள் மட்டுமே குடியிருக்கும் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தது. பக்கத்தில் மீன் உருண்டை செய்கிறார்கள், எதிரில் கேக் சுடுகிறார்கள். மின்தூக்கியின் கதவு ஒவ்வொரு மாடியிலும் திறக்கும்போது வேறொரு நாட்டின் சமையலறை வாசம் உள்ளே ஏறி, அடுத்த மாடியில் இறங்கிப்போகும். சிராங்கூன் சாலைக் கடைகளுக்கும் தீவு முழுவதும் இருக்கும் உணவகங்களுக்கும் இங்கிருந்துதான் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் போகின்றன. அழகேசனின் மகன் நிதீஷ் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்ததும் செய்த முதல் வேலை, தீப்பெட்டி அளவில் மூன்று பெட்டிகளை இயந்திரத்தில் ஒட்டியதுதான். ஒன்று அதன் நடுக்கத்தைப் பார்க்கும். ஒன்று சூட்டை. ஒன்று அது எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பதை. மூன்றும் பார்த்ததையெல்லாம் இணையத்தின் வழியே அவன் கைப்பேசிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். இயந்திரம் ஓடும் நேரமெல்லாம் பச்சைக் கட்டம், நிற்கும் நேரமெல்லாம் வெள்ளைக் கட்டம்.

பெட்டிகளை ஒட்டிய முதல் வாரம், அவை தன்னைத்தான் வேவு பார்க்கின்றன என்று பிரிஜட் நினைத்தாள். “டாய்லெட் போனாக்கூட வெள்ளையா வருமா தம்பி?” என்று கேட்டதற்கு அவன் காது சிவந்துபோனான். பிறகு பழகிவிட்டது. ஆனால் அந்தத் திரையில் எல்லா நாளும், எல்லா வாரமும், மிளகாயின் முதல் தவணைக்கும் இரண்டாம் தவணைக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கட்டம் விழுந்தது. பல்வரிசையில் ஒரு பல் இல்லாததுபோல. அது மில்லின் சட்டம். மிளகாய் அரைத்தால் இயந்திரம் ஒரு மணி நேரம் ஆற வேண்டும். அவளுக்கு முன்னால் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட சிதம்பரம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். அவள் ஒருநாளும் அதை மீறியதில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் அவள் சரக்கு ஏற்றும் மேடையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சோற்றைத் தின்பாள். கீழே கண்டெய்னர் லாரிகள் திரும்பத் தெரியாமல் திரும்பும். அவள் மனம் எப்போதும் ஒரே இடத்துக்குத்தான் போகும். ஒரு சின்னப் பொட்டலம். அதன்மேல் அவள் பெயர். உள்ளே மீன் குழம்புத் தூள்.

தூள் ஏற்கெனவே இருந்தது, பொட்டலம்தான் இல்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மாதா கோயில்காரர்கள் இறைச்சி தொடுவதில்லை. அப்போது அவளுடைய தூளைக் கேட்டு வாங்க ஆரம்பித்தவர்கள், ஈஸ்டர் முடிந்த பிறகும் விடவில்லை. வெந்தயத்தை எந்த அளவுக்கு வறுக்க வேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. புக்கிட் மேரா வீட்டில் மிக்ஸியில் அரைத்தாள். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் திறந்து, தும்மி, கதவை மூடினாள். முதல் மிக்ஸி புகைந்து செத்தது. இரண்டாவதும் அதே வழியில் போனது. உரிமம் உள்ள மில்லில் அரைத்தால்தான் கடைக்குக் கொடுக்கலாம் என்று தெரிந்துகொண்டபோது, போன வருடம் ஒருநாள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, இங்கேயே அரைத்துக்கொள்ளலாமா என்று அழகேசனிடமே கேட்டாள். அவர் கடுமையாகப் பேசவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார். “கொடுக்க மாட்டேன்னு இல்ல பிரிஜட். மெஷினுக்கு நேரம் ஏது? நீதானே ஓட்டற, உனக்கே தெரியும்” என்றார். அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகாமல் தேக்காவில் இறங்கினாள். சிதம்பரம் ஓய்வு பெற்ற பிறகும் தேக்கா உணவங்காடி நிலையத்தில் அதே மேசையில், அதே காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார் என்பது மில்லில் எல்லோருக்கும் தெரியும். இருந்தார். தன் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு அவளுக்கும் ஒரு தே சொன்னார்.

“அண்ணே, மிளகாய்க்கு அப்புறம் மெஷின ஒரு மணி நேரம் தூங்க விடுன்னு சொல்லிக் கொடுத்தீங்கல்ல. அது ஏன் ஒரு மணி நேரம்?”

சிதம்பரம் கிளாஸை மேசையில் வைத்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பு வெளியே வர நேரமானது.

“மெஷினா தூங்குச்சு? நான்ல தூங்கினேன்.”

“என்னது?”

“விடியுமுன்ன கம்பெனி பஸ்ஸு. வயித்துல சோறு விழுந்ததும் கண்ணு சொக்கும் லா. மல்லி மூட்டை மெத்தை மாதிரி இருக்கும், அதுல சாஞ்சிடுவேன். ஒருநாள் பெரியவரு, அழகேசனோட அப்பா, வந்து நிக்கிறாரு. மெஷின் சூடா இருக்குன்னு சொன்னேன். பொய் இல்ல, சூடாத்தான் இருந்துச்சு. எப்ப ஆறும்னு எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் தூங்கிட்டனே.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“நீயும் தூங்கிக்குவேன்னு நெனச்சேன்.” அவர் சிரிப்பை நிறுத்தி அவளைக் கூர்ந்து பார்த்தார். “தூங்கலயா நீ?” அந்தக் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

ரயிலில் நின்றுகொண்டே பிரிஜட் தனியாகச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற பெண் தன் பையை லேசாக இழுத்துக்கொண்டாள். அடுத்த நிலையம் வருவதற்குள் சிரிப்பு வடிந்துவிட்டது. மெஷினுக்கு நேரமில்லை என்று அழகேசன் சொன்னார், அவளும் தலையாட்டினாள். அந்த நேரம் ஒவ்வொரு நாளும் அவள் மடியில்தான் கிடந்திருக்கிறது. ஒரு மனிதருடைய மத்தியானத் தூக்கத்தை, அவர் எழுந்துபோன பிறகும் அவள் காவல் காத்திருக்கிறாள், சத்தம் போட்டால் அவர் விழித்துவிடுவார் என்பதைப் போல.

கண்ணாடிக்கு வெளியே அடுக்குமாடி வீடுகளில் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. நாளை தூள் கறுத்தால் அவளுடைய நாற்காலியும் லாரிகளும் அவளுக்கே இருக்கும். கறுக்காவிட்டால் அந்த நேரம் கயிறு அவிழ்ந்த படகு. யார் முதலில் கை வைக்கிறார்களோ அவர்களுக்கு. தான் இத்தனை காலம் சொன்னது தப்பாகப் போக வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மிளகாயின் முதல் தவணை முடிந்தது. இயந்திரத்தின் உறுமல் தேய்ந்து அடங்கியது. நிதீஷ் திரையைப் பார்த்தபடி நின்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். கோடு இறங்குவதை அந்த முகத்திலேயே படிக்க முடிந்தது. வழக்கமான நாளாக இருந்தால் அவள் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பாதிகூடத் தின்றிருக்க மாட்டாள், அதற்குள் அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பிரிஜட் சிலுவை போட்டுக்கொண்டு மூட்டையைச் சாய்த்தாள்.

அழகேசன் அலுவலக அறையிலிருந்து வந்தார். ஒரு வெள்ளைத் தட்டில் இரண்டு குவியல், முதல் தவணையும் இரண்டாம் தவணையும். மிளகாயின் நிறத்தை அவரிடம் ஏமாற்ற முடியாது. தட்டைச் சன்னலுக்குக் கொண்டுபோனார், திருப்பினார், மறுபடி திருப்பினார். இரண்டையும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். தும்மினார்.

“எது மொதல்ல அரைச்சது?”

பிரிஜட் வாயைத் திறந்தாள். தட்டை எந்தப் பக்கம் திருப்பினார் என்று அவளுக்கே மறந்துவிட்டிருந்தது. இரண்டும் ஒரே சிவப்பு. அவள் அரைத்ததிலேயே அழகான சிவப்பு என்றுகூடத் தோன்றியது.

“அப்ப இத்தன வருஷமா சும்மாவா நின்னுச்சு?”

“சூடுன்னு நெனச்சிட்டோம்ணே” என்றாள். மல்லி மூட்டையைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை.

நிதீஷுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அடுத்த வாரத்தின் வேலை அட்டவணையைத் திரையில் விரித்து அப்பாவின் முன்னால் நீட்டினான். பச்சைக் கட்டங்களுக்கு நடுவே திங்கள் முதல் சனி வரை, நாளுக்கு ஒன்றாக, யாரும் எழுதாத வெள்ளை.

“ஹோட்டல்காரங்க கரம் மசாலா கூடக் கேட்டாங்கல்லப்பா. முடியாதுன்னு சொல்லிட்டோம். இப்ப இங்க போட்டுடலாம். எல்லா நாளும் ஃபுல்.”

“போடலாமே” என்று அழகேசன் விரலால் அந்த வெள்ளையைத் தொட்டுக் காட்டினார். அவர் விரலிலிருந்த மிளகாய்த்தூள் புதன்கிழமையின்மேல் ஒட்டிக்கொண்டது. நிதீஷ் அதைத் துடைக்கச் சட்டை நுனியை இழுத்தான்.

“தம்பி, இரு” என்றாள் பிரிஜட்.

இருவரும் நிமிர்ந்தார்கள். அவள் கையுறைகளைக் கழற்றினாள். குரல் நடுங்காமல் வந்தது. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“போன வருஷம் கேட்டப்ப மெஷினுக்கு நேரம் இல்லன்னு சொன்னீங்கண்ணே. நானும் ஒத்துக்கிட்டேன். இப்ப இருக்கு. எனக்கு எல்லா நாளும் வேணாம், மத்ததெல்லாம் ஹோட்டலுக்கே போகட்டும். அந்தச் செவப்பு ஒட்டியிருக்கிற கட்டத்துல மட்டும் என் பேரப் போடச் சொல்லுங்களேன்?”