இரண்டாம் கியரில் வத்தல்மலை

அன்று காலை ஆறு மணிக்கு வத்தல்மலை உச்சியில், ரோடு இறங்கத் தொடங்கும் இடத்தில் இருந்தவர்கள்:

சின்னக்கா, வயது நாற்பத்தொன்று. வண்டி அவளுடையது.

காளி, அவள் கணவனின் தம்பி. இடது கையில் மாவுக்கட்டு. அந்த வண்டியிலிருந்து விழுந்தவன் அவன்தான்.

மாதவராஜ், ஜீப்காரர். மலையில் விளையும் சாமையும் மிளகும் பெரும்பாலும் அவர் ஜீப்பில்தான் கீழே போகும்.

ஸ்டெஃபி, அதியமான்கோட்டையில் ஹைவே ஓரமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக்.

முனியம்மாள், பக்கத்து வீட்டுக்காரி. அவளை யாரும் கூப்பிடவில்லை.

அப்புறம் வண்டி. சாரதி லைட், நூறு சி.சி., சிவப்பு நிறம். முன்விளக்குக் கண்ணாடி உடைந்திருந்தது. சீட்டின் இரண்டு பக்கமும் நாற்பது கிலோ சாமை மூட்டை ஒவ்வொன்று.

சாரதி கம்பெனியைத் தெரியாதவர்கள் மலையில் இல்லை. காளியின் அப்பா முப்பது வருடத்துக்கு முன்னால் வாங்கிய பழைய சாரதி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எருமை மாதிரி கனம். அதை நிறுத்த ஒரு ஆள், தூக்க இரண்டு ஆள் வேண்டும். அந்தக் கம்பெனி இப்போது விலை குறைத்து ஒரு வண்டி விட்டிருக்கிறது என்றதும் மலையில் ஒருவரும் நம்பவில்லை. சின்னக்கா அதை வாங்கி வந்த அன்று ஆண்கள் ஒவ்வொருவராக வந்து டேங்கை நகத்தால் தட்டிப் பார்த்தார்கள். தகரச் சத்தம் கேட்டது. தட்டியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கினார்கள்.

"பேர்லயே லைட்டுன்னு போட்டு வித்திருக்கான்" என்றான் காளி. "அப்பா வண்டிய ஒரு தட்டு தட்டுனா கை வலிக்கும், அண்ணி."

அவள் கை வலிப்பதற்காக வண்டி வாங்கவில்லை. கணவன் அன்பு பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தான்; வருடத்துக்கு இரண்டு தடவை வருவான். சாமை விதைப்பது, களை எடுப்பது, அறுப்பது, தூற்றுவது எல்லாம் அவள். விற்பது மட்டும் மாதவராஜ். ஜீப் நிறைந்தால்தான் அவர் கிளம்புவார். யாரிடம் விற்றார், வாங்கியவர் என்ன சொன்னார் என்பது அவளுக்குத் தெரியாது. பதினெட்டு வருடம் விளைவித்ததைச் சாப்பிட்ட ஒரு முகத்தையும் அவள் பார்த்ததில்லை.

வண்டி வந்த பிறகு மூன்று சனிக்கிழமை தர்மபுரி உழவர் சந்தையில் அவளே உட்கார்ந்தாள். இரண்டாவது சனிக்கிழமை ஒரு டீச்சர் திரும்பி வந்தாள். "போன வாரம் குடுத்ததே குடுங்க. உங்களுது கல்லில்லாம இருக்குதுங்க" என்றாள். சின்னக்கா அதை மலைக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. மனதுக்குள் மட்டும் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நாலாவது வாரம் காளி, "நான் எறக்கித் தர்றன் அண்ணி, நீ ஓட்டறத பாத்தா எனக்கே வெக்கமா இருக்குது" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனான். பத்தொன்பதாவது வளைவில் ப்ரேக் நிற்கவில்லை. தடுப்புச் சுவரில் மோதிக் கை உடைந்தது. சாமை பாதி ரோட்டிலும் பாதி பள்ளத்திலும் போனது.

அன்று முதல் வண்டி அவள் வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடந்தது. அன்பு போனில், "காளி சொல்றபடி செய்" என்றான். காளி, "அதக் குடுத்துத் தொலை" என்றான். மாதவராஜ் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, வந்த விலைக்குத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "பழைய பேர வெச்சி ஏமாத்தறானுங்க. உனக்கு எதுக்கும்மா இந்த ரோதனை? நம்ப ஜீப்பு இல்லியா?"

ஒரு வாரம் கழித்து அவள் சொன்னாள்: "அதே எடை. அதே ரோடு. நான் ஓட்டறன். ப்ரேக் நிக்கலன்னா வண்டிய எடுத்துக்குங்க. என் சாமையும் இனிமே உங்க ஜீப்புலயே வரட்டும். நின்னுதுன்னா என்னைய விட்டுடுங்க."

மாதவராஜ் சிரித்தார். ஒப்புக்கொண்டார்.

ஸ்டெஃபி முந்தின நாளே வந்து இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்து மாட்டிவிட்டாள். ஓசூர் கம்பெனி ஒன்றில் மூன்று வருடம் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு, போதும் என்று வந்தவள். அதிகம் பேசமாட்டாள். கழற்றிய ப்ரேக் ஷூவை, சக்கர டிரம்முக்குள் உரசி வண்டியை நிறுத்தும் பட்டையை, இப்போது எல்லாருக்கும் காட்டினாள். கருகிப்போய், கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது.

"பாத்தியா, எரிஞ்சி போயிருக்குது. தரம் அவ்ளோதான்" என்றார் மாதவராஜ்.

"எரிஞ்சிருக்குதுங்கண்ணா. ஆனா டிரம்மு நல்லா இருக்குது, ஸ்பிரிங்கு நல்லா இருக்குது. தானா எரியாதுங்களே." அவள் வேறு ஷூ ஒன்றை உறையிலிருந்து எடுத்துக் காட்டினாள். "இதே கம்பெனி, இதே விலை. இதே மாதிரி புதுசுதான் மாட்டியிருக்கறன். நல்லதா வேற வாங்கி மாட்டிட்டேன்னு நாளைக்கி யாரும் பேசக்கூடாது."

"ஒரேயடியா நல்ல வண்டிங்கறியா?" காளி கேட்டான்.

"அப்புடிச் சொல்ல மாட்டன். செயின் கவர் மட்டம். ஆறு மாசத்துல ஆடும். மழ பேஞ்சா ஆரன் அடிக்காது. பெயிண்டு ரெண்டு வருசம் தாங்குனா அதிசயம். காச மிச்சம் புடிச்சது அங்கெல்லாம். எஞ்சின்லயும் ப்ரேக்குலயும் கை வெக்கல."

"பொம்பள சொல்லி பொம்பள ஓட்டறா" என்றாள் முனியம்மாள். "நான் பின்னாடி ஜீப்புல வர்றன். விழுந்தா தூக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல."

"நீ எங்க தூக்கப்போற? பாத்துட்டு வந்து ஊருக்குச் சொல்றதுக்கு வர்ற" என்றாள் சின்னக்கா.

"ரெண்டுந்தான்."

சின்னக்கா உதைத்தாள். வண்டி முதல் உதையிலேயே எடுத்தது. ஜீப்பில் மற்றவர்கள் ஏறிக்கொண்டார்கள்.

அவள் மலை இறங்கும் விதம் ஊருக்கே கேலி. இரண்டாவது கியரைப் போட்டால் அடிவாரம் வரை அதே கியர்தான். எஞ்சின் மாவு மில் மாதிரி இரைந்துகொண்டே வரும். பசங்கள் அவளைத் தாண்டிப் போகும்போது, "ஆயா, மொளகா அரைக்கணும், நில்லு" என்று கத்துவார்கள். யாரும் அவளுக்குக் கற்றுத் தரவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் தானாகப் பழகியவள். இரண்டாவது கியரில் வண்டி பிடித்து இழுத்த மாதிரி வந்ததால் பயம் குறைந்தது. அவ்வளவுதான் அவளுடைய காரணம்.

மூட்டைகளின் கனம் வண்டியை முன்னால் தள்ளியது. தள்ளும்போதெல்லாம் எஞ்சின் முறைத்துக்கொண்டு பின்னால் இழுத்தது. வளைவு வரும்போது காலால் லேசாக அழுத்தினால் போதும். வண்டி குனிந்து திரும்பியது. எட்டாவது வளைவில் ஒரு காட்டுப்பன்றி குறுக்கே ஓடியது. அழுத்தினாள். வண்டி நின்றது. பன்றி போன பிறகு மறுபடி கியர் போட்டுக் கிளம்பினாள்.

பத்தாவது வளைவு தாண்டிய பிறகுதான் ஒன்றைக் கவனித்தாள். ரோட்டில் கேட்ட ஒரே எஞ்சின் சத்தம் அவளுடையதுதான். ஜீப் அவளுக்குப் பின்னால் இருபது அடியில் வந்துகொண்டிருந்தது, ஆனால் டயர் உருளும் சத்தம் மட்டும்தான் வந்தது. நேர் ரோட்டில் மாதவராஜ் ஆரன் அடித்தார். வழி விடு என்று அர்த்தம். அவள் ஒதுங்கினாள். ஜீப் சத்தமில்லாமல் அவளைத் தாண்டிப் போனது. முனியம்மாள் பின்பக்கத்திலிருந்து கையாட்டினாள்.

பத்தொன்பதாவது வளைவில் சுவரில் சிவப்புப் பெயிண்ட் இன்னும் ஒட்டியிருந்தது. சின்னக்கா அதைப் பார்த்தாள். வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கால் அழுத்தியது, வண்டி பணிந்தது, சுவர் தன்பாட்டுக்குப் பின்னால் போனது.

இருபத்து நாலாவது வளைவு முடிந்து அடிவாரத்து டீக்கடைக்கு அவள் வந்து சேர்ந்தபோது ஜீப் ஏற்கெனவே நின்றிருந்தது. ஜீப்பைச் சுற்றிக் கருகல் வாடை. முனியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றாள்.

"வந்துட்டியா? நாங்க வந்து ஒரு டீயே குடிச்சிட்டம்" என்றார் மாதவராஜ்.

ஸ்டெஃபி டீக்கடையில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி வந்தாள். சாரதி லைட்டின் பின்சக்கர டிரம்மின் மேல் ஊற்றினாள். தண்ணீர் வழிந்து மண்ணில் விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. அவள் உள்ளங்கையை டிரம்மின் மேல் வைத்து, எல்லாரும் பார்க்கும்வரை எடுக்காமல் இருந்தாள்.

"சூடுதான். கை வெக்கலாம். காளியண்ணா, நீங்க வெச்சிப் பாருங்க."

காளி குனிந்து நல்ல கையை வைத்தான். எடுக்கவில்லை.

ஸ்டெஃபி மிச்சத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஜீப்பிடம் போனாள். "அண்ணா, ஊத்தலாங்களா?"

"அதுக்கு எதுக்கு?" என்றார் மாதவராஜ். அதற்குள் அவள் ஊற்றிவிட்டாள். சக்கரம் சுர்ரென்று சீறியது. ஆவி எழுந்து அவள் முகத்தை மறைத்தது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

"இது எந்தக் கம்பெனிங்கண்ணா? கெட்டி இரும்பு வண்டிதான இது?" என்றாள் ஸ்டெஃபி.

மாதவராஜ் சக்கரத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

ஸ்டெஃபி காளியிடம் திரும்பினாள். "நீங்க விழுந்த அன்னிக்கி சாவி ஆன்ல இருந்துச்சா, ஆஃப்லயா?"

"ஆஃப்லதான்" என்றான் காளி. இதில் என்ன கேள்வி என்கிற மாதிரி. "மேலயே அணைச்சி நியூட்ரல் போட்டுட்டன். எல்லாரும் அப்புடித்தான வர்றம்? எறங்கறதுக்கு எதுக்குப் பெட்ரோலு?"

ஒரு மாதமாக யாரும் அவனை அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பான். மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றியதில்லை. மலையிலிருந்து எஞ்சினை அணைத்து இறங்குவது ஆண்களின் கெட்டிக்காரத்தனம். அவன் அப்பா அப்படித்தான் இறங்கினார்.

"எஞ்சின அணைச்சி நியூட்ரல் போட்டுட்டா புடிச்சி இழுக்கறதுக்கு ப்ரேக் ஒண்ணுதான் மிச்சம். ரெண்டு மூட்டையோட இருவத்தி நாலு வளைவு அது ஒண்டியா தாங்கணும். எந்தக் கம்பெனி ஷூவா இருந்தாலும் கருகும்" என்றாள் ஸ்டெஃபி. "உங்கப்பா வண்டிக்கி வருசத்துல எத்தினி வாட்டி ஷூ மாத்துவீங்க?"

காளி யோசித்தான். "நாலு. சில வருசம் அஞ்சு."

"ஏன்னு கேட்டிருக்கீங்களா?"

"வயசான வண்டி, அதான்னு…" அவன் பாதியில் நிறுத்தினான். கட்டுப் போட்ட கையைப் பார்த்தான்.

பழைய வண்டி கெட்டால் வயதாகிவிட்டது. புது வண்டி கெட்டால் தரமில்லை. மலை முழுக்க இந்தக் கணக்கில்தான் முப்பது வருடம் ஓடியிருக்கிறது. சின்னக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. உரக்கச் சிரித்தாள். மாவு மில் என்று கேலி செய்யப்பட்ட அந்தச் சத்தம்தான் மூன்று வாரமும் அவளை முழுசாகக் கீழே சேர்த்திருந்தது. அவள் அதைப் பயம் என்று நினைத்திருந்தாள்.

"சிரிக்காத அண்ணி" என்றான் காளி. அவனுக்கும் வாய் கோணியது. "கை வலிக்குது எனக்கு."

"உங்கப்பா வண்டியத் தட்டு. இன்னும் நல்லா வலிக்கும்."

டீக்கடைக் கூட்டம் சிரித்தது. முனியம்மாள் எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்துவிட்டு மாதவராஜைப் பார்த்து, "யண்ணா, நான் மேல போறப்ப இவ வண்டியில போயிக்கறன். உங்க ஜீப்புல நாத்தம் தாங்கல" என்றாள்.

"ஏறதுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார் அவர்.

"எறங்கறப்ப ஆயிருக்குமே. என்னையும் உக்கார வெச்சில்ல உருட்டிக்கினு வந்தீங்க."

மாதவராஜ் பீடியைப் பற்ற வைத்தார். சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குகிற ஆள் இல்லை அவர். அவரைப் பற்றிச் சொல்லக்கூடிய நல்லது அது ஒன்று. "சரி. உன் வண்டி, உன் சாமை. போ" என்றார்.

"என் மொளகு ஒரு பை உங்க கொடௌன்ல இருக்குதுங்களே, அண்ணா."

"வெல ஏறட்டும்னு வெச்சிருக்கறன். நானே வித்துத் தர்றன்."

"வேணாங்க. இன்னிக்கி சனிக்கிழம. சந்தையில நானே உக்காந்துக்கறன்."

கொடௌன் டீக்கடைக்குப் பின்னால்தான் இருந்தது. மாதவராஜ் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துத் திறந்தார். உள்ளே கூரை வரை மூட்டைகள், மலையில் பாதி வீடுகளின் விளைச்சல். சின்னக்கா பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக அதற்குள் காலை வைத்தாள். தன் பையைத் தேட வேண்டியிருக்கவில்லை. வாயைப் பச்சை நூலில் தைப்பது அவள் வழக்கம். பன்னிரண்டு கிலோ. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

வெளியே ஸ்டெஃபி வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தாள். காளி ஒற்றைக் கையால் மூட்டைக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். மிளகுப் பையை டேங்கின் மேல் வைத்துக் கட்ட இடம் இருந்தது. டேங்கில் பை பட்டபோது அதே தகரச் சத்தம் கேட்டது. இந்தத் தடவை யாரும் உதட்டைப் பிதுக்கவில்லை.

"எத்தினி மணிக்கி வருவ அண்ணி?" என்றான் காளி.

"வித்துட்டு வருவன்."

மணி ஏழே கால். டீச்சர் எட்டு மணிக்கு மேல் வருவாள். சின்னக்கா உதைத்தாள்.

அவளுக்குப் பின்னால் மாதவராஜ் கொடௌன் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். உள்ளே அவளுடையது என்று ஒன்றும் இல்லை.